சீமாட்டி எதை விழுங்கினாள்?

"அண்ணி, சாயங்காலம் குதிரையை வெட்ட ஆள் வருது. அதுக்குள்ள நம்ம கட்சிக்காரர் அழுதே கரைஞ்சு போயிடுவார் போலிருக்கு. ரெண்டுல எதை முதல்ல தடுக்கிறது?"

கேட்டது கொழுந்தன். அண்ணி ஆராய்ச்சி நிலையத்தின் வாசலில் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த குதிரை டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெட்டையான மனிதர். நிலையத்தில் அவருக்கு 'லாடம்' என்று பட்டப்பெயர்.

அண்ணியின் தொழில் துப்பறிவது. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த வாரமே, வீட்டில் பிஸ்கட் டப்பாவைக் காலி செய்தது யார் என்று உதட்டோரத் துகளை வைத்துக் கண்டுபிடித்தவள் அவள். அன்று பிடிபட்ட கொழுந்தன்தான் இன்று அவளுக்கு உதவியாளன். தொப்பை மட்டும் அன்றைக்கு இருந்ததைவிட இப்போது கொஞ்சம் கூட.

"அழுகையை நிறுத்திட்டு விஷயத்தைச் சொல்லுங்க சார்," என்றாள் அண்ணி.

லாடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது தொண்டையையும் உணவுக்குழாயையும் ஆராயற இடம்மா. மாடியில மனுஷத் தொண்டை. கீழே நாங்க, மிருகத் தொண்டை. மாடிக்காரங்க மாத்திரை அளவுக்கு ஒரு கேமரா செஞ்சிருக்காங்க. முழுங்கினா உணவுக்குழாய் வழியா படம் எடுத்துக்கிட்டே இறங்கும். வெளியே வந்ததும் எடுத்துப் படத்தைப் பார்க்கணும். செஞ்சது ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு அதைப் பார்க்கப் பெரிய மனுஷங்க வர்றாங்க. இன்னைக்குக் காலையில டப்பா காலி. கேட்டா, என் சீமாட்டி முழுங்கிட்டாளாம்!"

"சீமாட்டிங்கறது?"

"குதிரைம்மா. பாவம், வயசான குதிரை. இங்க படிச்ச பிள்ளைங்க அத்தனை பேரும் அவ கழுத்துல காதை வச்சுத்தான் தொண்டைச் சத்தம் கேட்டுப் பழகினாங்க. ஒருத்தரையும் அவ உதைச்சதில்லை."

"அது சாணத்துல வந்துடாதா?" என்றான் கொழுந்தன்.

"வரும், சில நாள் ஆகும். இயக்குநர் அம்மா காத்திருக்க மாட்டேங்கறாங்க. கிழக் குதிரைதானே, வயித்தைக் கிழிச்சு எடுத்துடலாம்ங்கறாங்க. நான் ஒளிச்சு வச்சிடுவேனோன்னு என்னை லாயத்துக்குள்ள விடக் கூடாதுன்னு உத்தரவு வேற." மறுபடியும் அவர் குரல் உடைந்தது. "அவ போயிட்டா எனக்கு இங்க வேலையே வேண்டாம்மா."

கொழுந்தனுக்கு அடுத்த நக்கல் நாக்கு நுனி வரை வந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே திருப்பி அனுப்பினான்.

"முழுங்கினதை யார் பார்த்தது?" என்றாள் அண்ணி.

"மாப்பிள்ளை டாக்டர். கேமராவைச் செஞ்சவரும் அவர்தான். இயக்குநர் அம்மாவோட மருமகன். எல்லாத்துக்கும் மேல அந்தப் பாழாப்போன பெட்டி! கேமரா கைக்கெட்டுற தூரத்துல இருந்தா கத்தும். காலையில லாயத்துக்குக் கொண்டுபோனாங்க. கத்திடுச்சு."

"யார் கொண்டுபோனது?"

"மாப்பிள்ளை டாக்டர்தான்."

அண்ணி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "வாங்க தம்பி," என்றாள். கொழுந்தனை அவள் 'தம்பி' என்று வாய் நிறையக் கூப்பிட்டால் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

மாடிப்படி ஓரமாகக் கண்ணாடிக் குடுவைகள் வரிசையாக இருந்தன. பாம்பின் உணவுக்குழாய், கோழியுடையது, மாட்டுடையது, கடைசியில் மனிதனுடையது. கொழுந்தன் மனிதக் குடுவைக்கு முன்னால் நின்றுவிட்டான்.

"இவ்வளவுதானா அண்ணி? இந்த ஒரு சாண் சமாச்சாரத்துக்கா நாயா பேயா அலையறோம்?"

"உங்களோடது இன்னும் கொஞ்சம் அகலமா இருக்கும். நடங்க."

மேலே, மனிதத் தொண்டைப் பிரிவின் வாசலில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு தொங்கியது. 'மாத்திரையைப் படுத்துக்கொண்டு விழுங்காதீர். தண்ணீரில்லாமல் விழுங்காதீர். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து விழுங்குக. மீறினால் பாதி வழியில் சிக்கும்!' கீழே மாப்பிள்ளை டாக்டரின் கையெழுத்து, அறிவிப்பைவிடக் கொஞ்சம் பெரியதாக.

உள்ளே இயக்குநர் அம்மா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வெள்ளை முடி, கறாரான கண்ணாடி. பக்கத்தில் மாப்பிள்ளை டாக்டர் நின்றுகொண்டிருந்தார். காலியாக மூன்று நாற்காலி கிடந்தும் நின்றார். கையில் வெந்நீர் டம்ளர்.

"துப்பறியறவங்களா? லாடம் கூப்பிட்டாரா?" என்றார் இயக்குநர் அம்மா. "துப்பறிய என்னம்மா இருக்கு? திருடினது யாருன்னு தெரியும். எங்க ஒளிச்சிருக்குன்னும் தெரியும். கேட்டா அது ஹிஹின்னு கனைக்குது."

"வாயில்லா ஜீவன் அம்மா, அதால வேற என்ன சொல்ல முடியும்," என்றான் கொழுந்தன்.

அண்ணி மாப்பிள்ளை டாக்டர் பக்கம் திரும்பினாள். "நீங்க பார்த்ததைச் சொல்லுங்க டாக்டர்."

டாக்டர் ஒரு மிடறு வெந்நீர் குடித்தார். கண்ணை மூடி, மெதுவாக விழுங்கி, தொண்டையைச் செருமினார். "காலையில லாயத்துக்குப் போனேன். குதிரைத் தொண்டைக்கு நம்ம கேமரா எந்த அளவுல இருக்கும்னு ஒப்பிட்டுப் பார்க்கலாம்னு. அதே கையில காரட்டும் இருந்தது. ஒரே வளைப்புல நாக்கால ரெண்டையும் வழிச்சிடுச்சு. அந்த உருண்டை கழுத்துல இறங்கறதை இந்தக் கண்ணால பார்த்தேன். தாடைக்குக் கீழேயிருந்து நெஞ்சு வரைக்கும்."

"பாவி மிருகம்," என்றார் இயக்குநர் அம்மா.

"இருந்தாலும் அத்தை," டாக்டர் குரலைத் தாழ்த்தினார், "வெட்டறது... ரெண்டு மூணு நாள் பொறுத்துப் பார்க்கலாமே. தானா வந்துடும்."

"நாளைக்கு வர்றவங்களுக்கு எதைக் காட்டறது? சாணத்தையா? நீங்க இளகின மனசுக்காரர் மாப்பிள்ளை. இதை என்கிட்ட விட்டுடுங்க."

டாக்டர் மென்று விழுங்கினார். விழுங்கியதும் முகம் சுளித்தது. கொழுந்தனுக்குச் சுருக்கென்றது. பொருளைப் பறிகொடுத்தவர் பொறுமையாக இருக்கிறார், மாமியார் துடிக்கிறார். இது எந்த ஊர் நியாயம்? அண்ணியைப் பார்த்தான். அவள் அந்த மூன்று காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாயம் கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. ஒரே ஓர் அறை. சீமாட்டி உள்ளே சுவரை ஒட்டிக் கட்டப்பட்டிருந்தாள். அவளுடைய இடது விலா சுவர்ப் பக்கம், வலது விலா கதவுப் பக்கம். சாம்பல் நிறம், தளர்ந்த முதுகு, பெரிய சாந்தமான கண்கள். யார் வந்தாலும் காரட் கொண்டுவந்திருப்பார்கள் என்று நம்புகிற ஜாதி. இன்று சாயங்காலம் வருகிறவனையும் அப்படித்தான் பார்ப்பாள்.

டாக்டர் கையில் பெட்டியோடு உள்ளே நுழைந்து அதன் பொத்தானை அழுத்தியதும் அது கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது.

"கேட்டீங்களா?" என்றார் இயக்குநர் அம்மா.

"கேட்டுச்சு. டாக்டர், காலையில நின்ன இடத்துல அப்படியே நின்னு காட்டுங்க."

டாக்டர் கதவுப் பக்கம், குதிரையின் வலது கழுத்துக்கு அருகே நின்றார். "இங்கேதான். உருண்டை இப்படி இறங்கிச்சு." விரலால் வலது கழுத்தில் தாடையிலிருந்து மார்பு வரை கோடு இழுத்துக் காட்டினார். சீமாட்டி அது தடவிக்கொடுப்பதாக எண்ணி அவர் தோளில் மூக்கைத் தேய்த்தாள்.

"அந்தப் பக்கம் போகலையே?"

"அந்தப் பக்கம் சுவர்தானே. ஆள் எப்படிப் போறது?"

"சரி. பெட்டியைக் கொஞ்சம் குடுத்துட்டு நீங்க ரெண்டு பேரும் மாடிக்குப் போங்க. பின்னாலேயே வர்றோம்."

டாக்டர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். "இது ரொம்ப நுணுக்கமான சாமான்..."

"குடுங்க மாப்பிள்ளை. நமக்கு மறைக்க என்ன இருக்கு?" என்றார் மாமியார்.

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் டாக்டர் பெட்டியை நீட்டினார். இருவரும் முற்றத்தைக் கடந்து போனார்கள். அவர்கள் போகப் போகப் பெட்டியின் கீச்சொலி தேய்ந்து, சுத்தமாக நின்றுபோனது.

கொழுந்தன் பெட்டியை இரண்டு தட்டு தட்டினான். "பேட்டரி போச்சு போலிருக்கு அண்ணி."

"இருக்கட்டும். காரட் இருக்கா?"

"லாடம் கொடுத்தது மூணு இருந்தது. ஒண்ணை நான்..."

"மிச்சம் ரெண்டைக் குடுங்க. நீங்க அந்தச் சுவர்ப் பக்கம் போய் நில்லுங்க."

"எந்தச் சுவர்? இந்த இடுக்குலயா? அண்ணி, இங்க என் தொப்பை போகும், நான் போக மாட்டேன். இல்லேன்னா நான் போவேன், தொப்பை இங்கேயே நிக்கும்."

"தம்பி!"

கொழுந்தன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தான். சீமாட்டி அன்பு மிகுதியால் அவன் பக்கம் சாய்ந்தாள். சுவருக்கும் குதிரைக்கும் நடுவில் அவன் அப்பளமாக ஒட்டிக்கொண்டான். மூக்குக்கு முன்னால் குதிரையின் இடது கழுத்து இருந்தது. வேறு எதையும் பார்க்க வழியில்லை.

கதவுப் பக்கத்திலிருந்து அண்ணி காரட்டை நீட்டினாள். கறக் கறக்கென்று மெல்லும் சத்தம் கேட்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றாள் அண்ணி. "முழுங்கிட்டா. கழுத்து அப்படியேதான் இருக்கு."

"அண்ணி!" கொழுந்தன் அலறினான். "போகுது! இங்க போகுது! போர்வைக்குள்ள எலி ஓடுற மாதிரி, என் மூக்குக்கு நேரா இறங்கிக்கிட்டுப் போகுது!"

"இன்னொண்ணு தர்றேன். நல்லாப் பாருங்க."

மறுபடியும் மெல்லும் சத்தம். வலது பக்கம் அண்ணி ஒன்றும் காணவில்லை. இடது பக்கம் உருண்டை தாடையில் புறப்பட்டு மார்பில் போய் மறைந்தது.

லாயத்தின் பின்சுவரில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதன் வழியாக லாடத்தின் தலை தெரிந்தது. உத்தரவு லாயத்துக்குள் வரக் கூடாது என்றுதானே, எட்டிப் பார்க்கக் கூடாது என்று இல்லையே.

"குதிரைக்கு உணவுக்குழாய் கழுத்துல இடது பக்கமா ஒதுங்கி இறங்கும்மா," என்றார் அவர். "விழுங்கறதைப் பார்க்கணும்னா இடது பக்கம்தான் நிக்கணும். எங்க பிரிவுல முதல் நாள் பாடமே அதுதான். ஏன் கேக்கறீங்க?"

"மாப்பிள்ளை டாக்டர் வலது பக்கம் நின்னு பார்த்தாராம்."

லாடம் வாயைப் பிளந்தார். "என்கிட்ட யாரும் இதைச் சொல்லலையே! மாடிக்காரங்க எங்ககிட்டப் பேசினாத்தானே? மனுஷத் தொண்டை படிச்சவருக்குக் குழாய் நடுவுலதான் போகும்னு நினைப்பு."

"பொய் சொல்றதுக்கு முன்னாடி கீழே வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றான் கொழுந்தன் சுவரிலிருந்து. "குதிரை கீழே தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சதுன்னு சொல்வாங்க. இங்க மனுஷன் குதிரையைத் தள்ளிக் குழியும் பறிக்கிறான். அண்ணி, என்னை யாராவது வெளியே எடுங்களேன்."

மாடியில் தேநீர் வந்திருந்தது. ஒரு தட்டு நிறைய பிஸ்கட். இயக்குநர் அம்மா எல்லாருக்கும் நீட்டினார். கொழுந்தன் இரண்டு எடுத்துக்கொண்டான். மாப்பிள்ளை டாக்டர் மட்டும் வேண்டாம் என்று கையசைத்தார்.

"காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடலை. குதிரைக்காக மனசு கஷ்டப்படறார்," என்றார் மாமியார் பெருமையோடு.

"லாடத்தையும் கூப்பிடணும் அம்மா. அவர் முன்னாலதான் சொல்லணும்," என்றாள் அண்ணி. லாடம் வந்து கதவோரம் ஒடுங்கி நின்றார். மாடிக்கு அவர் வருவது அதுவே முதல் தடவை போலிருந்தது.

அண்ணி முந்தானைக்குள்ளிருந்து பெட்டியை எடுத்து மேசைமேல், டாக்டருக்கு எதிரில் வைத்தாள்.

கீச், கீச், கீச்.

அறையில் எல்லாரும் பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு ஜன்னல் வழியே தூரத்து லாயத்தைப் பார்த்தார்கள்.

"பெட்டி கெட்டுப்போச்சு," என்றார் டாக்டர்.

"இல்லையே. லாயத்துல நீங்க இருந்தப்ப கத்திச்சு. நீங்க போனதும் குதிரை பக்கத்துலயே வச்சிருந்தும் வாயைத் திறக்கலை. கொஞ்சம் வராண்டாக் கடைசி வரைக்கும் போயிட்டு வாங்க டாக்டர்."

டாக்டர் நகரவில்லை. "போயிட்டு வாங்க மாப்பிள்ளை," என்றார் மாமியார். இந்தத் தடவை குரலில் பெருமை இல்லை.

டாக்டர் போனார், பெட்டி ஊமையானது. திரும்பி வந்தார், பெட்டி கத்தியது. இன்னொரு தடவை போய் வரச் சொன்னார் மாமியார். அப்போதும் அப்படியே.

"ஆக, குதிரை முழுங்கலை," அண்ணி சொன்னாள். "நீங்க பார்த்ததா சொன்ன பக்கம் குதிரைக்கு உணவுக்குழாயே கிடையாது. கேமரா உங்ககிட்டதான் இருக்கு."

"அபாண்டம்! சோதிச்சுப் பாருங்க!"

கொழுந்தனுக்கு இதற்குமேல் அழைப்பு தேவையா? சட்டைப்பை, கால்சட்டைப்பை, கோட்டுப்பை என்று ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான். கைக்குட்டை, சாவிக்கொத்து, தொண்டை மிட்டாய். செருப்பைக் கழற்றித் தட்டினான். வாட்சுக்கு அடியில் பார்த்தான். ஒன்றுமில்லை. பெட்டி மட்டும் ஓயாமல் கீச்சிட்டது.

"பார்த்தீங்களா?" டாக்டர் நிமிர்ந்தார். "அத்தை, வீட்டு மாப்பிள்ளையை இப்படி அவமானப்படுத்தலாமா?"

இயக்குநர் அம்மாவின் முகம் மறுபடி இளகத் தொடங்கியது. லாடத்தின் முகம் விழுந்தது. கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அவள் தவறான ஆள்மேல் கைவைத்து அவன் பார்த்ததில்லை. இன்று அது நடந்துவிட்டால் குதிரை அவ்வளவுதான்.

அண்ணி தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தாள். "மன்னிச்சுக்குங்க டாக்டர். கோபத்தை மறந்து இதை ஒரு கடி கடிங்க."

"வேண்டாம்."

"ஒரே கடி."

"பசியில்லை."

"பசியில்லையா, இறங்கலையா?"

டாக்டர் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றார். கொழுந்தனின் மூளையில் பளிச்சென்று விளக்கு எரிந்தது. நின்றுகொண்டே இருக்கும் ஆள், மிடறு மிடறாக வெந்நீர், ஒவ்வொரு விழுங்கலுக்கும் ஒரு சுளிப்பு. பெட்டியைத் தூக்கி டாக்டரின் நெற்றியில் வைத்தான், சாதாரணக் கீச்சு. கழுத்துக்கு இறக்கினான், கீச்சு வேகமானது. நடு நெஞ்சுக்குக் கொண்டுவந்ததும் பெட்டி வீறிட்டது.

"அண்ணி!" என்றான். "பையில இல்லை. பைக்குப் பின்னால, ஆளுக்குள்ள இருக்கு!"

இயக்குநர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "மாப்பிள்ளை?"

பெட்டி ஒன்றுதான் உண்மை பேசிக்கொண்டிருந்தது.

"நேத்து... கடைசியா ஒரு தடவை சோதிச்சுப் பார்க்கலாம்னு நினைச்சேன் அத்தை," என்றார் டாக்டர் தரையைப் பார்த்து. "பாதி வழியில நின்னுடுச்சு. காலையில நீங்க டப்பாவைத் திறந்து கேட்டதும், பயத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். நீங்க குதிரையை வெட்டச் சொல்வீங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"எப்படிய்யா பாதி வழியில நிக்கும்? தண்ணி குடிச்சீங்களா?" என்றார் மாமியார்.

"எழுந்து போய் எடுக்கச் சோம்பலா இருந்தது."

"உட்கார்ந்துதானே முழுங்கினீங்க?"

டாக்டர் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே அவருடைய அறிவிப்பு, அவருடைய பெரிய கையெழுத்தோடு, லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"சோபாவுல படுத்துக்கிட்டு," என்றார்.

கொழுந்தன் சிரிப்பை அடக்க மூன்றாவது பிஸ்கட்டை வாயில் திணித்துக்கொண்டான்.

அப்போது கதவை யாரோ தட்டினார்கள். வாட்டசாட்டமான ஓர் ஆள், கையில் நீளமான தோல் பையோடு உள்ளே எட்டிப் பார்த்தார். "அம்மா, வயித்தைக் கிழிச்சு ஏதோ எடுக்கணும்னு சொல்லி அனுப்பினீங்களாமே. எங்கே இருக்குங்க?"

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. வந்தவரும் அந்தப் பக்கம் திரும்பி, மாப்பிள்ளை டாக்டரை மேலும் கீழும் பார்த்தார்.

டாக்டர் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு மடக்கென்று எச்சில் விழுங்கினார். இன்னும் அவர் நெஞ்சில் பிடித்திருந்த பெட்டியின் சுருதி சட்டென்று இறங்கியது. கொழுந்தன் அதை மெல்லக் கீழே கொண்டுபோனான். தொப்புளுக்கு மேலே வந்ததும் பழையபடி வீறிட்டது.

"இறங்கிடுச்சு அண்ணி! பயத்துலயே இறங்கிடுச்சு!"

டாக்டரின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ரத்தம் ஓடியது. பிஸ்கட் தட்டை ஏக்கத்தோடு பார்த்தார்.

"ரெண்டு மூணு நாள்ல தானா வந்துடும்னு நீங்கதானே சொன்னீங்க மாப்பிள்ளை," என்றார் இயக்குநர் அம்மா. "நாளைக்கு வர்றவங்களை அடுத்த வாரம் வரச் சொல்லிடறேன்."

"குதிரைக்கு ஒரு நாள் பொறுக்க முடியாதுன்னீங்க," என்றாள் அண்ணி. "மாப்பிள்ளைன்னதும் ஒரு வாரம் பொறுக்கலாமா அம்மா?"

கறாரான கண்கள் முதன்முறையாகத் தாழ்ந்தன. அவர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு தோல் பைக்காரரிடம் வேலை இல்லை, போகலாம் என்றார். அப்புறம் கதவோரம் நின்ற மனிதரைப் பார்த்தார்.

"உங்ககிட்டக் கேட்டிருக்கணும் டாக்டர். கேக்காதது என் தப்பு."

மாடிக்காரர்கள் யாரும் லாடத்தை டாக்டர் என்று அழைத்ததில்லை. அவருக்கு மறுபடி கண் கலங்கியது. "பரவாயில்லைம்மா. சீமாட்டி பிழைச்சாளே, அது போதும்."

"இன்னொரு உதவி. கேமரா வெளியே வந்ததும் தேடி எடுக்கணும். சாணத்துல தேடிப் பழக்கம் உங்க பிரிவுக்குத்தானே உண்டு..."

லாடம் பணிவாகக் கைகூப்பினார். "எங்களது மிருகப் பிரிவும்மா. மனுஷங்க சமாச்சாரமெல்லாம் மாடியோட எல்லை. நாங்க தலையிடறது முறையில்லை."

சொல்லிவிட்டு அவர் படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி ஓடினார். அண்ணியும் கொழுந்தனும் லாயத்துக்குப் போனபோது அவர் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தார். சீமாட்டி அவருடைய பையை மூக்கால் துழாவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் இயக்குநர் அம்மாவும் கையில் ஒரு காரட்டோடு தயங்கித் தயங்கி வந்து கதவருகே நின்றார்.

"எந்தப் பக்கம் நிக்கணும்?" என்று கேட்டார் மெதுவாக.

"இடது பக்கம் அம்மா. ஆனா அங்க இடமில்லை," என்றான் கொழுந்தன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தானே இடுக்கில் நுழைந்தான். சீமாட்டி பழைய சிநேகத்தில் அவன்மேல் சாய்ந்தாள். "நீங்க அங்கிருந்தே குடுங்க. இந்தத் தடவை என்ன முழுங்கறாள்னு நான் சாட்சி."

கறக் கறக்கென்று சத்தம் கேட்டது. அவன் மூக்குக்கு நேராக ஓர் உருண்டை சாவகாசமாக இறங்கிப் போனது.

"காரட்தான்," என்றான் கொழுந்தன். "இப்போ யாராவது என்னை வெளியே எடுங்க."